இடப்பக்கப் பின்சக்கரம்

மேலகரம்
12-5-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வள்ளித்தாய் எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். ஜபல்பூர் வெயில் இந்த வருஷமும் உங்களை வாட்டுகிறதா? போன கடிதத்தில் எழுதிய வயிற்றுவலி மறுபடி வரவில்லையே? ஆவுடைத்தாய்க்கு மாசியில் அம்மை போட்டு இறங்கிவிட்டது. முகத்தில் தழும்பு விழவில்லை. மாமா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். வைகாசி பிறக்கப்போகிறது. ஆனியில் சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்கு ஜனம் வந்து குவியும். தென்காசி ஸ்டேஷனுக்கும் அருவிக்கும் நம் வாடகைக் கார் ஓயாமல் ஓடினால்தான் வருஷம் முழுக்கச் சாப்பாடு. உங்கள் மாப்பிள்ளைக்கு வேறு சோலி இருப்பதால், செங்கோட்டையில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த முப்பிடாதி அண்ணாச்சியை டிரைவராக வைத்திருக்கிறோம். நல்ல மனிதர். ஓட்டத் தெரியும், கழற்றி மாட்டத் தெரியாது. டவுனில் ஒர்க்‌ஷாப்பில் விட்டால் சீசன் சமயத்தில் வண்டியை வாரக்கணக்கில் போட்டுவிடுகிறார்கள். அதனால் சின்னச் சின்ன வேலைகளை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணம். பழைய ஸ்பானர் பெட்டி இப்போது நம்மிடம் இல்லை. புதிதாக வாங்க வேண்டும். இரும்புக்கடையில் எல்லாம் சேர்ந்த கட்டு ஒன்று இருக்கிறது என்கிறார்கள். எது அவசியம், எது வீண் என்று ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருக்கிற நீங்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுடலைமாடன் காப்பாற்றுவான்.

உங்கள் தங்கை
வள்ளித்தாய்


ஜபல்பூர்
24-5-1962

பிரியமுள்ள வள்ளிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வயிறு தேவலை. மோர் சாப்பிடுகிறேன். இங்கே வெயிலில் வண்டியின் மூடியைத் தொட முடியவில்லை. ‘எல்லோரும் இருக்கிறோம்’ என்று எழுதியிருக்கிறாய். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் மை செலவாகிவிடுமா?

இசக்கிப்பாண்டி மாப்பிள்ளை வீட்டில் இருக்கும்போது என்னிடம் கேட்கிறாயே என்று சிரித்துக்கொண்டேன். ஸ்பானர் விஷயத்தில் எனக்குப் பாடம் சொல்லக்கூடிய ஆள் அவர். கேட்டதற்காக எழுதுகிறேன்.

கட்டாக வாங்காதே. அதில் பாதி உங்கள் வண்டிக்கு உதவாது. உங்களுடையது சீமை வண்டி. அதன் நட்டுகளுக்கு ஓர் அளவு, அமெரிக்க வண்டிக்கு வேறு அளவு. கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். மாட்டித் திருகினால் வழுக்கி நட்டின் மூலையைத் தின்றுவிடும். மூலை போன நட்டைப் பிறகு உளி வைத்துத்தான் எடுக்க வேண்டும். நட்டைச் சுற்றி வளையமாகப் பிடிக்கும் ரிங் ஸ்பானர்கள் வாங்கு. வாய் திறந்த ஸ்பானர் இரண்டு மூன்று போதும். வாயைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூ ஸ்பானர் ஒன்றே எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொல்வார். நம்பாதே. திருப்புளி பெரிது ஒன்று, சிறிது ஒன்று. குறடு. நடுத்தரச் சுத்தியல். கம்பி பிரஷ்.

அதைவிட முக்கியம், நல்ல ஜாக்கியும் கனமான மரக்கட்டைகளும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தாங்குவதற்குக் கட்டைதான். வெறும் ஜாக்கியை நம்பி ஒருவரும் வண்டிக்கு அடியில் கையை நீட்டக் கூடாது. மாப்பிள்ளைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, கைப்பழக்கத்தில் எழுதிவிட்டேன்.

பழைய பெட்டி என்ன ஆயிற்று? திருட்டா?

குழந்தைக்கு என் முத்தம்.

அண்ணன்
மாடக்கண்ணு


மேலகரம்
9-6-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

மோர் ஒத்துக்கொள்வதில் சந்தோஷம். சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே மூன்று நாளாகச் சாரல். மலை தெரியவில்லை. ஆவுடைத்தாய் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

நீங்கள் எழுதியபடியே வாங்கியாயிற்று. வண்டியில் இருந்த நட்டுகளில் அளவுக்கு ஒன்றாக முப்பிடாதி அண்ணாச்சியைக் கழற்றித் தரச் சொல்லி, முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் கட்டைத்தான் எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொரு நட்டாக எடுத்து ஸ்பானருக்குள் வைத்து ஆட்டிப் பார்த்தேன். ஆடினதை ஒதுக்கினேன். அவர், “என்ன தாயி, வளையலா பாக்கீக?” என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஆடாததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கட்டைகள் பற்றி எழுதியிருந்தீர்கள். வாகை மரத்தில் நான்கு அறுத்து வாங்கிவிட்டேன்.

ஸ்பானரை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் இழுப்பது என்று கொஞ்சம் விவரமாக எழுதுங்கள். முப்பிடாதி அண்ணாச்சிக்குச் சொல்லிக்கொடுக்கத்தான்.

தங்கை
வள்ளித்தாய்


ஜபல்பூர்
22-6-1962

பிரியமுள்ள வள்ளிக்கு,

சளி இல்லை, மழையும் இன்னும் இல்லை. உன் கடிதத்தில் சாரல் வாசனை அடித்தது. நட்டை முடிந்துகொண்டு போனதைப் படித்துப் பக்கத்துக் கட்டில் கைலாசத்திடம் சொன்னேன். சிவகிரிக்காரன், என்னுடன் ஒரே ஷெட்டில் வேலை பார்க்கிறவன். “உம்ம தங்கச்சிய நம்ம ஸ்டோருக்கு அனுப்பும்யா, பாதிச் சாமானத் திருப்பி அனுப்பிருவா” என்றான்.

முப்பிடாதிக்கு: முதலில் மண்ணெண்ணெயும் கம்பி பிரஷும் போட்டு நட்டைத் துடைக்க வேண்டும். அழுக்கின் மேல் ஸ்பானர் உட்காராது. உட்கார்ந்ததும் தன் பக்கம் இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது. தள்ளும்போது வழுக்கினால் விரல் முட்டி இரும்பில் போய் இடிக்கும். கைப்பிடியில் குழாய் செருகி நீட்டக் கூடாது, போல்ட் முறியும். கழற்றியதைக் கழற்றிய வரிசையில் ஒரு துணிமேல் வைக்க வேண்டும். மாட்டும்போது நட்டைக் கையாலேயே இரண்டு மூன்று சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பானர். மரை ஏறுவதைக் கைதான் சொல்லும்.

மற்றதெல்லாம் மாப்பிள்ளை பக்கத்தில் நின்று காட்டிவிடுவார். அவரைக் கேட்டதாகச் சொல்.

மாடக்கண்ணு


மேலகரம்
14-7-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் உடம்பு எப்படி? அங்கே மழை வந்துவிட்டதா? இங்கே பேரருவியில் ஆள் நிற்க முடியாத தண்ணீர். கார் விடியற்காலையிலிருந்து ஓடுகிறது. விசிறிப் பட்டை மாற்றியாயிற்று. பிளக் கழற்றித் துடைத்து மாட்டியதில் எஞ்சினின் இருமல் நின்றது. ஸ்டேஷனில் வண்டி ஒரே தட்டில் கிளம்பியதாக முப்பிடாதி அண்ணாச்சி வந்து சொன்னபோது எனக்கு அடுப்படியில் நிற்கவே முடியவில்லை.

ஒரு சந்தேகம். பின்சக்கரத்தில் ஒரு நட்டு அசையவில்லை. முழுப் பலம் போட்டும் நகரவில்லை. பலம் குறைந்தவர்கள் இதற்கு என்ன செய்வார்கள்? உள்ளங்கையில் கொப்புளம் வந்திருக்கிறது. வேப்பெண்ணெய் தடவினால் ஆறுகிறது, ஆனால் மறுநாள் ஸ்பானர் வழுக்குகிறது. வேறு ஏதாவது மருந்து உண்டா?

பெரிய மைத்துனர் உச்சிமாகாளி அத்தான் வந்துவிட்டுப் போனார்கள். வண்டியை விற்றுவிடச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது வழக்கம்தான்.

தங்கை
வள்ளித்தாய்


ஜபல்பூர்
27-7-1962

வள்ளிக்கு,

நான் நலம்.

நட்டுக்கு: மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து ஊற்றி ஊற விடு. பிறகு நட்டின் தலையில் சுத்தியலால் நாலு புறமும் தட்டு. முதலில் இறுக்குகிற பக்கம் ஓர் இம்மி அசைத்துவிட்டு, அப்புறம் கழற்று. சக்கர நட்டுக்கென்று நீளக் கைப்பிடி ஸ்பானர் விற்கிறது, அதை வாங்கு. ஆள் எடையைக் காலால் அதன்மேல் வைக்கலாம்.

கொப்புளத்துக்கு: எண்ணெய் வேண்டாம். துணி சுற்றிக்கொள்.

இனி நான் கேட்கிறேன். மாப்பிள்ளையின் உள்ளங்கையை நான் பார்த்திருக்கிறேன். ஆமை ஓடு. அதில் கொப்புளம் வராது. அவர் பலம் போட்டால் நகராத நட்டும் இல்லை. முப்பிடாதிக்குக் கொப்புளம் என்றால் நீ மருந்து கேட்டு எழுத மாட்டாய்.

ஸ்பானரைப் பிடிப்பது யார், வள்ளி?

மாடக்கண்ணு


மேலகரம்
10-9-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீங்கள் பயந்துபோயிருப்பீர்கள். மன்னித்துவிடுங்கள்.

ஸ்பானரைப் பிடிப்பது நான்தான்.

பங்குனியில், ஒரு கல்யாணக் கோஷ்டியைக் கீழப்பாவூருக்கு ஏற்றிப்போக வேண்டிய அவசரத்தில், உங்கள் மாப்பிள்ளை ஜாக்கியைப் போட்டுத் தூக்கிவிட்டு அடியில் கையை விட்டிருக்கிறார்கள். முதல்நாள் பெய்த மழையில் தரை நனைந்திருந்தது. ஜாக்கி சாய்ந்துவிட்டது. நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோது சத்தம் கேட்டது. அவர்கள் கத்தவில்லை. “வள்ளி, ஆளக் கூப்பிடு” என்று மட்டும் சொன்னார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிது என்றார் டாக்டர்.

உங்களுக்கு எழுத வேண்டாம் என்று உறவுக்காரர்களை நான்தான் தடுத்தேன். அப்பா போனபோது லீவு கிடைக்காமல் அங்கே நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். மறுபடி அந்த நிலைமையில் உங்களை வைக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்த மறுவாரம் பழைய இரும்புக்காரன் தெருவில் போனான். அவர்கள் பெட்டியை இடது கையால் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார்கள். “எடைக்கு எடுத்துக்கிடும்” என்றார்கள். இரும்புக்காரனே தயங்கினான். “நல்ல சாமானுல்லா அண்ணாச்சி” என்றான். “ஆருக்கு நல்ல சாமான்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அன்று முதல் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. கொட்டகையை ஒட்டிய அறையில்தான் படுக்கை. சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு படுத்திருப்பார்கள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார்கள். குழந்தை கேட்டால் பதில் சொல்வார்கள். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஒரு தடவை, சித்திரையில், “இந்த நட்டுக்கு எந்த ஸ்பானர்?” என்று அவர்களிடமே கொண்டுபோய்க் காட்டினேன். அவர்கள் நட்டைப் பார்க்கவில்லை. தொங்கிக்கொண்டிருந்த சட்டைக் கையைப் பார்த்தார்கள். அன்று இரவு சாப்பிடவில்லை. அதற்கு அப்புறம்தான் உங்களுக்கு எழுதினேன். எல்லாம் தெரிந்த மனிதர் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். நான் எங்கோ இருக்கிற உங்களுக்குக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

உச்சிமாகாளி அத்தான் ஆனியில் வந்தபோது நான் வண்டிக்கு அடியில் இருந்தேன். அருவிக்குப் போகிற ரோடு ஓரம்தானே கொட்டகை, போகிறவர்கள் நின்று பார்க்கத்தான் செய்வார்கள். அத்தான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டு, “குடும்பத்துப் பொம்பள ரோட்டோரம் மல்லாக்கக் கெடக்கா. வண்டிய வித்துட்டு ரெண்டு எரும வாங்கித் தாரேன், பால ஊத்திப் பொழச்சுக்கிடுங்க” என்றார்கள். நான் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, “எரும வாங்கினா அதுக்கும் அடியிலதான் அத்தான் உக்காரணும்” என்றேன். அவர்கள் காப்பி குடிக்காமல் போய்விட்டார்கள். உள்ளே அறையில் உங்கள் மாப்பிள்ளைக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

இதுதான் விஷயம். நான் அழவில்லை, அண்ணா. நீங்களும் அழ வேண்டாம்.

தங்கை
வள்ளித்தாய்


ஜபல்பூர்
22-9-1962

வள்ளி,

படித்தேன். ஜாக்கியைப் பற்றி உபதேசம் பண்ணி எழுதினேனே, அதை நீ எப்படிப் படித்தாய்.

லீவு கேட்டேன். இப்போது யாருக்கும் இல்லை என்கிறார்கள். எங்களை வேறு இடத்துக்கு அனுப்புகிறார்கள். குளிருக்கு உடுப்பு தந்திருக்கிறார்கள். இடம் எழுதக் கூடாது. இனி கீழே உள்ள ராணுவத் தபால் முகவரிக்கு எழுது. பதில் தாமதமாகலாம்.

ஒன்று சொல்கிறேன். அவரை மறுபடி கேள். நட்டைக் கையில் நீட்டாதே, வாயால் கேள். உனக்குத் தெரிந்ததைக் கேட்டுப் பாசாங்கு பண்ணாதே. நிஜமாகவே தெரியாமல் நிற்கிறபோது கேள்.

உன் கைக்கு: மாலையில் வெந்நீரில் உப்புப் போட்டு வைத்திரு.

அண்ணன்
மாடக்கண்ணு


மேலகரம்
30-10-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கே இருக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள் என்று தெரியாமல் எழுதுகிறேன். பஞ்சாயத்து ரேடியோவில் மாலைதோறும் சண்டைச் செய்தி சொல்கிறார்கள். பெண்களும் போய் நின்று கேட்கிறோம். குளிர் அதிகம் என்கிறார்கள். காதை மூடிக்கொண்டு படுங்கள். இதற்கு முன் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. கிடைத்திருக்காது.

வண்டியில் பிரேக் கோளாறு. சக்கரத்துக்குள் ஒரு ரப்பர் கிண்ணம் தேய்ந்து எண்ணெய் கசிந்திருந்தது. அதை மாற்றிவிட்டேன். மாற்றும்போது குழாயில் காற்று ஏறிவிட்டது. எண்ணெயோடு சேர்த்து அந்தக் காற்றை வெளியே எடுக்க வேண்டும் என்று பஸ் ஷெட்டில் சொன்னார்கள். முப்பிடாதி அண்ணாச்சி உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, நான் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள சின்னத் திருகைத் திறக்கிறேன். குமிழி வருகிறது. அடைக்கிறேன். திரும்ப மிதித்தால் பெடல் பஞ்சு மூட்டை மாதிரி அமுங்குகிறது. எங்கே தவறு?

கார்த்திகை முதல் ஐயப்பசாமிமார் வண்டி கேட்டிருக்கிறார்கள். புளியரைக்கு மேலே கோட்டைவாசல் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். பிரேக் இல்லாமல் அனுப்ப மாட்டேன். உடனே எழுதுங்கள்.

தங்கை
வள்ளித்தாய்


மேலகரம்
25-11-1962

அன்புள்ள அண்ணனுக்கு,

சண்டை நின்றுவிட்டதாகச் சொன்னார்கள். உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. எங்கேயோ நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உங்கள் பதிலுக்குக் காத்திருந்தேன். தபால்காரர் என்னைப் பார்த்தால் தூரத்திலேயே கையை விரித்துவிடுவார். ஐயப்பசாமிமார் மாலை போட்டாயிற்று. பெடல் அப்படியேதான் அமுங்குகிறது. ஒரு நாள் காலை முப்பிடாதி அண்ணாச்சியும் வரவில்லை, அவர் பையனுக்குக் காய்ச்சல். எனக்கு இனி ஒருவரும் இல்லை என்று தோன்றியது. கையைக்கூடக் கழுவாமல் அறை வாசலில் போய் நின்றேன்.

“பிரேக்குல காத்து போக மாட்டேங்கு. எனக்குத் தெரியல. அண்ணன்கிட்ட இருந்தும் காயிதம் இல்ல. உங்களத்தான் கேக்கேன்.”

சுவரைப் பார்த்தபடியே இருந்தார்கள். நான் திரும்பப் போனேன். அப்போது கேட்டார்கள்.

“எந்தச் சக்கரத்துல இருந்து எடுக்க?”

“வலப்பக்கம் முன்னால.”

“தப்பு. தூரத்துல இருக்கத மொதல்ல எடுக்கணும். எடப்பக்கம் பின்னால.” பிறகு, “முப்பிடாதி எப்பக் காலை எடுக்கான்? நீ திருகை அடச்ச பெறகா, முன்னயா?” என்றார்கள்.

“அத நான் பாக்கலயே.”

“முன்னயே எடுத்துருதான். பெடல் மேல வார சத்தம் எனக்கு இங்கன கேக்கு. அதுக்குப் பெறகுதான் நீ ஸ்பானரத் திருப்புத. வெளிய போன காத்து அந்த வழியாவே திரும்ப உள்ள ஏறிருது. அடச்சாச்சுன்னு நீ சொல்லுத மட்டும் காலு மிதிச்சபடி இருக்கணும்.”

எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்களோ, அண்ணா.

“மிதிக்க ஆளில்ல” என்றேன்.

எழுந்து வேட்டியை ஒற்றைக் கையால் மடித்துச் செருகிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார்கள். வண்டிக்கு அடியில் வாகைக் கட்டைகள் நிற்பதைக் குனிந்து பார்த்தார்கள். ஒரு கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை. கதவைத் திறந்து டிரைவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பங்குனிக்குப் பிறகு அன்றுதான்.

நான் இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு அடியில் போனேன். “மிதிங்க” என்பேன். “மிதிச்சாச்சு” என்பார்கள். திறப்பேன். எண்ணெய் கொப்புளித்து வரும். அடைத்துவிட்டு, “அடச்சாச்சு” என்பேன். அப்புறம்தான் கால் மேலே வரும். அப்படியே ஒவ்வொரு சக்கரமாக வந்தோம். அந்த வீட்டில் மாசக்கணக்கில் நாங்கள் அத்தனை வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கடைசிச் சக்கரத்தில் குமிழி நின்று வெறும் எண்ணெய் வந்தது. “இப்பக் கல்லு மாதிரி நிக்கி” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. நான் உடனே வெளியே வரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொள்ள நேரம் ஆயிற்று.

மறுநாள் முப்பிடாதி அண்ணாச்சி வந்ததும், “சாமிமார ஏத்துறதுக்கு முந்தி நான் ஏறிப் பாக்கணும். நான் அடச்ச திருகு. பிரேக்கு புடிக்கலன்னா வண்டியில நான் இருக்கணும்” என்றேன். ஆவுடைத்தாயைப் பக்கத்து வீட்டுப் பிச்சம்மாளிடம் விட்டேன். பின்சீட்டில் நான் ஏறியபோது முன்கதவு திறந்தது. “நானும் வாரேன்” என்று உட்கார்ந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கோட்டைவாசல் ஏறித் திருப்பினோம். இறக்கத்தில் முப்பிடாதி அண்ணாச்சி கியரைக் குறைக்கப் போனார். “கொறைக்காதீரும். பிரேக்கே புடிக்கட்டும்” என்றார்கள். வளைவில் கீழேயிருந்து மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று ஏறி வந்தது. முப்பிடாதி அண்ணாச்சி மிதித்தார். நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்தேன். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல் ஓரமாகப் போய் நின்றது. லாரிக்காரன் கையைத் தூக்கிவிட்டுப் போனான்.

புளியரையில் இறங்கி, இடது கையால் ஒவ்வொரு சக்கரமாகத் தொட்டுப் பார்த்தார்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அது பிடித்துக்கொண்டே ஓடுகிறது என்று அர்த்தமாம். “ஒண்ணு போலச் சுடுது” என்றார்கள். பிறகு என்னைப் பார்த்து, “சரியாத்தான் மாட்டிருக்க” என்றார்கள்.

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் படிக்க வேண்டும், அண்ணா. எங்கிருந்தாலும் ஒரு வரி போடுங்கள்.

தங்கை
வள்ளித்தாய்


ராணுவ ஆஸ்பத்திரி
20-1-1963

பிரியமுள்ள வள்ளிக்கு,

உயிரோடு இருக்கிறேன். உன்னுடைய கடிதங்கள் எல்லாம் ஒரே நாளில் கிடைத்தன. கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். இடது காலில் மூன்று விரலைப் பனி தின்றுவிட்டது, எடுத்துவிட்டார்கள். நடக்கலாம். கை நன்றாக இருக்கிறது.

நீ எல்லாவற்றையும் எழுதினாய். நானும் எழுதிவிடுகிறேன். பின்வாங்கச் சொன்னபோது, ஓட்டிக்கொண்டு போக முடியாத வண்டிகளை எதிரிக்கு உதவாதபடி உடைத்துவிட்டு நடக்கச் சொன்னார்கள். எல்லாம் நாங்கள் பழுது பார்த்த வண்டிகள். சில வண்டிகளை முதல்நாள்தான் கிளப்பிக் கொடுத்திருந்தோம். நானும் கைலாசமும் சம்மட்டி எடுத்து எஞ்சின்களை உடைத்தோம். எங்கே அடித்தால் மறுபடி யாரும் சரிபண்ண முடியாது என்று எங்களுக்குத் தெரியுமே. அதனால்தான் எங்களைச் சொன்னார்கள்.

அப்புறம் நடந்தோம். கைலாசம் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. விடியும்வரை அவன் பக்கத்தில் இருந்தேன்.

இங்கே ஜன்னலுக்கு வெளியே ஆஸ்பத்திரி வண்டி ஒன்று தினமும் காலையில் திக்கித் திணறிக் கிளம்புகிறது. என்ன கோளாறு என்று எனக்குத் தெரியும். எழுந்துபோய்ச் சொல்லவில்லை. ஸ்பானரைத் தொட மனம் வரவில்லை. லீவு தருகிறார்கள். ஊருக்கு வரப் பயமாக இருக்கிறது. கைலாசத்தின் தாயார் சிவகிரியில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று என்ன சொல்வேன்?

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குழந்தையை முத்தமிட்டதாகச் சொல்.

மாடக்கண்ணு


மேலகரம்
8-2-1963

அன்புள்ள மச்சானுக்கு,

இசக்கிப்பாண்டி இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். நாங்கள் சுகம். கால் புண் ஆறிவிட்டதா?

உங்கள் கடிதத்தை வள்ளி வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை நான் வாசித்தேன்.

நீங்கள் தனியாகப் போய் நிற்க வேண்டாம் என்று நாங்கள் முந்திக்கொண்டு சிவகிரிக்குப் போய்வந்தோம். அந்தத் தாயார் பெயர் முத்துவடிவு. சர்க்கார் தந்தி முன்னமே வந்திருக்கிறது. நீங்கள் எழுதியதை வள்ளி சொன்னாள். அவர்கள் அழவில்லை. “பக்கத்துல ஆளு இருந்துச்சா?” என்று ஒன்றுதான் கேட்டார்கள். “எங்க அண்ணன் இருந்தாக, விடியுத மட்டும் இருந்தாக” என்று வள்ளி சொன்னாள். அதன் பிறகுதான் அழுதார்கள். நாங்கள் கிளம்பும்போது என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். அவன் மொகத்த ஒருக்கப் பாக்கணும்” என்றார்கள்.

அதனால் நீங்கள் வர வேண்டும்.

தேதி எழுதுங்கள். ஸ்டேஷன் வாசலில் வண்டி நிற்கும், நாங்களும் நிற்போம். மூன்றாவது கியர் ஓட்டத்தில் நழுவிக்கொள்கிறது. கடகடவென்று ஒரு சத்தமும் வருகிறது. வள்ளி ஒரு காரணம் சொல்கிறாள், நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் இருவருக்கும் நிச்சயமில்லை. நீங்கள் எதையும் தொட வேண்டாம். சிவகிரி போகிற வழியில் முன்சீட்டில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வாருங்கள்.

இப்படிக்கு
இசக்கிப்பாண்டி